பிஸ்டனின் போஸ்ட்மார்ட்டம்

டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் சொல்லாமல் கொள்ளாமல் சாகாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே சத்தம் கொஞ்சம் கீச்சென்று மாறும். ஆக்ஸிலரேட்டர் முறுக்கினது முறுக்கினபடி இருக்க, வேகம் மட்டும் குறையும். பின்னால் யாரோ கேரியரைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். அந்த அரை விநாடிக்குள் கிளட்ச்சைப் பிடித்தவர் ஓரங்கட்டி வேர்வை துடைத்துக்கொள்வார். பிடிக்காதவர், பின்சக்கரம் இறுகி, ரோட்டில் கறுப்பாக ஒரு கோடு போட்டுவிட்டு எங்கே விழலாம் என்று இடம் தேடுவார். மெக்கானிக் பாஷையில் இதற்குப் பெயர் 'பிஸ்டன் பிடிச்சுக்கிச்சு'. படித்தவர்கள் 'சீஸ் ஆயிடுச்சு' என்பார்கள். செலவு ஒன்றுதான்.

எங்கள் ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் நண்பருக்கு இது மூன்று மாதத்தில் இரண்டு தடவை நடந்தது. வண்டி 1994 மாடல் யமஹா ஆர்.எக்ஸ். 100. இந்தப் பக்கத்தைப் படிக்கிற இளவட்டங்களுக்கு அதன் பெருமையை நான் விளக்கவேண்டியதில்லை. 1985-ல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி யமஹாவோடு கைகோத்துக் கொண்டுவந்து, 1996-ல் நிறுத்தியது. 98 சி.சி., 11 குதிரை. இன்றைக்கு வரும் 100 சி.சி. வண்டிகள் எட்டுக் குதிரைக்கே மூச்சு வாங்குகின்றன. நிறுத்தி இத்தனை வருஷமான பிறகும் ஒரு நல்ல ஆர்.எக்ஸ். சிக்னலில் நின்றால் பக்கத்தில் நிற்கிற புது பைக்காரன் திரும்பிப் பார்க்கிறான். பெண்கள் பார்ப்பதாக நண்பர் சொல்கிறார். புகைக்கு இருமுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

வண்டியை வாங்கியது நண்பரின் அப்பா. இப்போது அவர் இல்லை. சாயங்காலம் தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டதும் காபிக்கு டிகாஷன் இறக்கிய அம்மா இருக்கிறார். ஆகவே வண்டியை விற்பது என்ற பேச்சு வீட்டில் எடுபடாது.

முதல் தடவை ஜி.எஸ்.டி. ரோட்டில், மறைமலைநகர் தாண்டி. எண்பதில் போய்க்கொண்டிருந்தபோது பிடித்துக்கொண்டது. பக்கத்தில் கிடைத்த ஒரு கடையில் ஒரே நாளில் போரிங் போட்டு, புது பிஸ்டன் மாட்டி, "சூப்பரா ஓடும் சார்" என்று கொடுத்துவிட்டார்கள். ஓடியது. முந்நூறு கிலோமீட்டர். இரண்டாவது தடவை திண்டிவனம் வழியில் பிடித்தபோது உதைத்துப் பார்த்தார். கிக்கர் காற்றில் ஆடியது. கம்ப்ரஷன் என்ற சமாசாரமே இல்லை. பிஸ்டன் தலையில் ஓட்டை.

எங்கள் ஆபீஸில் கிரிக்கெட்டுக்கு அடுத்தபடியாக எல்லோருக்கும் கரைகண்ட விஷயம் பைக். கேன்டீனில் மகாநாடு கூடியது. டைப்பிஸ்ட் காலத்து சீனியர் ஒருவர், மண்ணெண்ணெய் கலப்படம் என்றார். டெஸ்பாட்ச் தம்பி, "புதுப்பேட்டையில வேற இன்ஜினே கிடைக்கும் சார், அப்படியே தூக்கி வச்சிடலாம்" என்றான். கிடைக்கும்தான். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் அப்பா பெயருக்குக் கீழே இன்ஜின் நம்பர் என்று ஒன்று இருக்கிறது. அது மாறினால் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கும் விளக்கம் சொல்லவேண்டும், அம்மாவுக்கும் சொல்லவேண்டும். ஆர்.டி.ஓ.வைச் சமாளித்துவிடலாம்.

இதில் இன்னொரு சிக்கல். சிலிண்டருக்கு ஆயுசு கணக்கு உண்டு. ஆர்.எக்ஸ். சிலிண்டரின் உள்விட்டம் 50 மில்லிமீட்டர். ஒவ்வொரு தடவை கீறல் விழும்போதும் லேத்தில் கொடுத்துக் கடைந்து கொஞ்சம் பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடவேண்டும். கால் மில்லிமீட்டர், அரை, முக்கால், ஒன்று என்று நாலு சைஸ். கிட்டத்தட்ட நாலு ஜென்மம். அப்பா காலத்திலேயே கால் போயிருந்தது. மறைமலைநகரில் அரை போனது. அதை முந்நூறு கிலோமீட்டரில் தின்றாயிற்று. முக்காலும் இதே மாதிரி போனால் மிச்சம் ஒரே ஒரு தடவை. அப்புறம் சிலிண்டருக்குப் புதிதாக ஸ்லீவ் அடிக்கவேண்டும். அதை ஒழுங்காகச் செய்கிற கை எல்லா லேத்திலும் இருக்காது.

ராயப்பேட்டை சந்து ஒன்றில் பாய் ஒருவர் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, சனிக்கிழமை மதியம் வண்டியைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போனோம். எனக்கு அங்கே வேலை ஒன்றுமில்லை. சனிக்கிழமை என்பதுதான் காரணம்.

பாய் வண்டியைப் பார்க்கவில்லை. முதல் கேள்வியே, "போன தடவை கழட்டின பிஸ்டன் எங்க?"

"கடையிலயே போட்டுட்டாங்க பாய்."

"பொணத்தைத் தூக்கிப் போட்டுட்டு எப்படிச் செத்தான்னு கேட்டா நான் இன்னா சொல்றது?" என்றார். அப்புறம் ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரை உருவி, இரண்டாவது பிரேதத்தை வெளியே எடுத்தார். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜோசியர் கைரேகை பார்க்கிற நிதானம்.

பிஸ்டனில் நிஜமாகவே ரேகை இருக்கிறது, தெரிந்தவர்களுக்குப் படிக்க வரும். சுற்றிலும் நாலு இடத்தில் கோடு விழுந்திருந்தால், லேத்காரர் இடைவெளி போதாமல் கடைந்திருக்கிறார். அல்லது வண்டிக்காரர் காலையில் ஸ்டார்ட் பண்ணின கையோடு முறுக்கியிருக்கிறார். கார்புரேட்டர் பக்கம் தேய்ந்திருந்தால் ஏர் ஃபில்டர் வழியே மண் போகிறது. தலையின் விளிம்பு எலி கரண்டின மாதிரி இருந்தால் இன்ஜின் தட்டியிருக்கிறது. சைலன்ஸர் பக்கம் மட்டும் உரிந்து, தலை நடுவில் உருகி ஓட்டை விழுந்திருந்தால் சூடு. தாங்கமுடியாத சூடு. நண்பருடையது கடைசி ரகம்.

சூடு ஏன் என்பதுதான் கேள்வி. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். பிஸ்டனுக்கு மேலே எரிகிற வாயுவின் சூடு 2,000 டிகிரிக்கு மேல். நியாயமாகப் பார்த்தால் முதல் நிமிஷமே உருகவேண்டும். உருகாததற்குக் காரணம், வாங்கின சூட்டை ரிங் வழியாகச் சிலிண்டர் சுவருக்குக் கடத்திவிட்டு, கீழேயிருந்து வரும் குளிர்ந்த பெட்ரோல் ஈரத்தில் அது மூச்சு விட்டுக்கொள்கிறது. 6,000 சுற்றில் ஓடும்போது விநாடிக்கு நூறு தடவை மேலே போய்க் கீழே வருகிறது. நூறு தடவையும் தீ. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று ஓய்வு. இதற்கு லீவே கிடையாது. பெட்ரோல் குறைந்து காற்று அதிகமானால் ஈரம் போச்சு, சூடு ஏறும். பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் சுவர் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது. வீங்கின பிஸ்டன் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது.

பாய் அடுத்துக் கேட்டார்: "ஐடிலிங்ல நிக்கும்போது தானா ரேஸ் ஆகுமா?"

நண்பர் முகத்தில் வெளிச்சம். "ஆமா பாய், ஆறு மாசமா! ஆக்ஸிலரேட்டரை விட்டப்புறமும் சத்தம் இறங்க நேரமாகும். அந்தக் கடையில சொன்னேன். ஸ்க்ரூவைத் திருப்பிக் குறைச்சு விட்டாங்க."

பாய் ஒன்றும் பேசாமல் இடது பக்கக் கவரைக் கழற்றி, புல்லர் போட்டு மேக்னெட்டை வெளியே இழுத்தார். அதற்குப் பின்னால், கிராங்க் வெளியே வருகிற இடத்தில், வட்டமாக ஒரு ரப்பர் ஆயில் சீல். ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்தினார். பழைய அப்பளம் மாதிரி நொறுங்கியது. சுற்றிலும் ஈரப் பிசுக்கு.

இங்கேதான் டூ-ஸ்ட்ரோக்கின் ரகசியம் இருக்கிறது. இதில் பெட்ரோலும் காற்றும் நேராக மேலே போவதில்லை. முதலில் பிஸ்டனுக்கு அடியில் இருக்கும் கிராங்க் அறைக்குள் போய், அங்கிருந்து தள்ளப்பட்டு மேலே வருகின்றன. கீழ் அறை ஒரு சைக்கிள் பம்ப். பிஸ்டன் மேலே போகும்போதெல்லாம் அந்த அறை உறிஞ்சும். சீல் கிழிந்திருந்தால் கார்புரேட்டருக்குத் தெரியாமல் புறக்கடை வழியாகக் காற்று உள்ளே வரும். மேக்னெட் பக்கம் கிழிந்தால் வெறும் காற்று வந்து ஐடிலிங் ஏறும். கிளட்ச் பக்கம் கிழிந்தால் கியர் ஆயிலையே குடித்துவிட்டு வெள்ளையாகப் புகை விடும். ஆக, கொலையாளி முப்பது வருஷம் பழைய, உள்ளங்கையில் அடங்குகிற ரப்பர் வளையம். முதல் கடையில் மாற்றியது, கொலை செய்யப்பட்டவரை.

கூட ஒரு கையாள் உண்டு என்றார் பாய். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு ஒன்பது கிலோ போதும். வெறும் பெட்ரோலுக்கு அளவெடுத்துத் துளைபோட்ட 1994 கார்புரேட்டருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அது பழைய வாடகையையே கொடுத்துக்கொண்டிருக்கிறது. புது வண்டிகளில் கம்ப்யூட்டர் சமாளித்துக்கொள்ளும். இதில் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றவேண்டியதுதான்.

"அப்ப சீலை மாத்தி, பிஸ்டன் போட்டா முடிஞ்சுதா பாய்?"

"உருகின அலுமினியம் எங்க போச்சு? ஆவியா போச்சா?"

கீழே போயிருந்தது. இன்ஜினை இறக்கி, இரண்டாகப் பிளந்து பார்த்தபோது கிராங்க் அறையின் அடியில் வெள்ளி ஜரிகை மாதிரி மினுங்கியது. தீபாவளிப் புடவைக்கு ஆகும், பேரிங்குக்கு ஆகாது. கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் இழுத்துக் காட்டினார் பாய். பக்கவாட்டில் லேசாக ஆடலாம், தப்பில்லை. மேலும் கீழும் ஒரு இழைகூட அசையக் கூடாது. நண்பருடையது அசைந்தது, 'டிக்' என்று. ராட் கிட், பேரிங், சீல், பேக்கிங் என்று லிஸ்ட் நீண்டது. லிஸ்டோடு நண்பரும் நானும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கு நடந்தோம். அங்கே ஒரே பிஸ்டனுக்கு மூன்று விலை இருக்கிறது. ஒரிஜினல், ஒரிஜினல் மாதிரி, ஒரிஜினல் டப்பா. பாய் முன்கூட்டியே எச்சரித்திருந்தபடி நண்பர் எடுத்துக் கையில் வைத்துப் பார்த்து, கடைக்காரர் முகத்தைப் பார்த்து, நடுவாந்தரமான நம்பிக்கையோடு வாங்கினார்.

சிலிண்டர் கதை தனி. சுவரில் ஒட்டியிருந்தது பிஸ்டனின் அலுமினியமா, அல்லது சுவரிலேயே கீறலா என்று தெரியவேண்டும். பாய் பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டைக் குச்சியில் சுற்றின துணியில் தொட்டு, ஒட்டின இடத்தில் மட்டும் தடவினார். அலுமினியம் நுரைத்துக் கரைந்தது. உடனே தண்ணீர் விட்டுக் கழுவி எண்ணெய் பூசிவிட்டார், இல்லையென்றால் ஆசிட் இரும்பையும் தின்னும். வீட்டில் செய்து பார்க்காதீர்கள். செய்தால் ஜன்னலைத் திறந்துவைத்து, கையுறை போட்டுக்கொண்டு, மனைவி ஊரில் இல்லாதபோது செய்யுங்கள். கரைந்தபின் நகத்தை வைத்து இழுத்தார். நகம் இரண்டு இடத்தில் தடுக்கியது. ஆக, முக்கால் சைஸ்தான் கதி.

லேத் பெரியவர் பாய்க்கு அண்ணன் மாதிரி. "0.75 கடைஞ்சு வையுங்க, பிஸ்டன் அப்புறம் கொண்டு வரேன்" என்று நண்பர் சொன்னதும் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "மாப்பிள்ளை வராம சட்டை தைக்கச் சொல்றியா தம்பி?" பிஸ்டன் பார்க்க உருண்டையாக இருந்தாலும் உருண்டை அல்ல. தலைப்பக்கம் ஒல்லி, சூட்டில் வீங்குவதற்காக, அடிப்பக்கம் கொஞ்சம் அகலம், அதிலும் நீள்வட்டம். அடியில், பின்னுக்குக் குறுக்கே மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, அதைவிட 0.04, 0.05 மில்லிமீட்டர் அதிகமாகச் சிலிண்டரைக் கடையவேண்டும். உங்கள் தலைமுடி ஒன்றின் தடிமனைவிடக் குறைவாகவே இருக்கும். எனக்கு உவமை சொல்ல இன்னும் சில முடிகள் பாக்கி. அது குறைந்தால் மறுபடியும் பிடிக்கும், கூடினால் மணியடிக்கும்.

கடைந்து முடித்து, உள்ளே குறுக்கும் நெடுக்குமாக ஹானிங் போட்ட பிறகு பெரியவர் செய்த ஒரு வேலையைத்தான் பல லேத்களில் விட்டுவிடுகிறார்கள். டூ-ஸ்ட்ரோக் சிலிண்டரின் சுவரில் ஜன்னல்கள் உண்டு. கடையும்போது அவற்றின் விளிம்பு கத்தியாகிவிடும். ரிங் மேலும் கீழும் போகையில் அந்த விளிம்பில் மாட்டினால் ஒடியும். பெரியவர் சின்ன அரத்தை எடுத்து ஒவ்வொரு ஜன்னல் ஓரத்தையும் மழித்தார். அரைமணி நேரம். அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை. நண்பர் கணக்குப் போட்டுப் பார்த்தார். 98 சி.சி. இப்போது 101 சி.சி. அக்கவுண்ட்ஸ்காரர், வேறென்ன செய்வார்?

மாட்டுகிற வேலையை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பாய் பேச்சை நிறுத்திவிட்டார், ரேடியோவையும். பிஸ்டன் தலையில் இருக்கிற அம்பு சைலன்ஸர் பக்கம் பார்க்கவேண்டும். ரிங்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே பள்ளத்தில் ஒரு குட்டி முளை, ரிங் சுழன்று ஜன்னலில் மாட்டாமல் இருக்க. போடுவதற்கு முன் ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள் வைத்து முனை இடைவெளியை அளந்தார். பின்னைப் பிடிக்கும் வளைய லாக் இரண்டும் புதுசு. ஒரு தடவை கழற்றினதை மறுபடி போடுவது, அறுந்த செருப்பைத் தைத்துக்கொண்டு திருப்பதி மலை ஏறுகிற மாதிரி. போடும்போது கீழே வாயைப் பிளந்துகொண்டிருக்கும் கிராங்க் அறையைத் துணியால் அடைத்துக்கொண்டார். லாக் கைதவறி உள்ளே விழுந்தால் முதலிலிருந்து எல்லாம் ஆரம்பம். ஹெட் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார்.

அதோடு விடவில்லை. கார்புரேட்டர் வாயையும் சைலன்ஸர் வாயையும் பழைய டியூப் ரப்பரால் அடைத்து, சைக்கிள் பம்ப்பால் லேசாகக் காற்றடித்து, சீல் ஓரங்களில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். குமிழி வரவில்லை. பத்து நிமிஷம் நின்று பார்த்தும் வரவில்லை. இதை முதல் கடையில் செய்திருந்தால் ஒரு பிஸ்டன் தப்பியிருக்கும், ஒரு ஜென்மம் மிஞ்சியிருக்கும்.

சைலன்ஸரை வாட்டுகிற வேலை பையனுக்கு. உள்ளே கரி அடைத்திருந்தாலும் இன்ஜின் சூடாகும். இந்தச் சைலன்ஸர் வெறும் புகைக்குழாய் இல்லை. வெளியே ஓடப்பார்க்கிற புது பெட்ரோலை ஒலி அலையால் திருப்பி உள்ளே தள்ளுகிற சாமர்த்தியம் அதில் இருக்கிறது. இதைக் கிழக்கு ஜெர்மனியில் எம்.ஸெட். கம்பெனியின் வால்டர் காடன் கரைத்துக் குடித்திருந்தார். அவருடைய ரேஸ் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-ல், ஸ்வீடன் ரேஸுக்குப் போன இடத்தில், அப்படியே மேற்கே தப்பிவிட்டார். மனைவி குழந்தைகளைக் காரின் டிக்கியில் ஒளித்துக் கடத்தினார்கள். அடுத்த வருஷம் சுஸுகிக்காக ஓட்டி 50 சி.சி. உலக சாம்பியன். தமிழ்ப்படத்தில் வந்தால் நம்பமாட்டோம். ராயப்பேட்டை சந்தில் பையன் தென்னை மட்டையைப் பற்றவைத்து அந்த உலக ரகசியத்தை வாட்டிக்கொண்டிருந்தான்.

நாலாவது உதையில் ஸ்டார்ட் ஆயிற்று. ஹெட்டில் கை வைக்க முடியாத சூடு வந்ததும் நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி ஸ்டார்ட். மூன்று தடவை. அப்புறம் பாய் சட்டம் போட்டார். ஆயில் பம்ப் ஒழுங்காக இருக்கிறது, கழற்றவேண்டாம். இருந்தாலும் முதல் டேங்க்குக்கு மட்டும் லிட்டருக்கு 20 மில்லி டூ-டி ஆயில் பெட்ரோலிலும் கலக்கவும். 500 கிலோமீட்டர் வரை நாற்பதைத் தாண்டக் கூடாது. ஒரே வேகத்திலும் போகக் கூடாது. பின்னால் ஆள் ஏற்றக் கூடாது. ரிங்கும் சுவரும் ஒன்றையொன்று பழகிக்கொள்ளவேண்டுமாம், புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் மாதிரி.

ஆர்.எக்ஸ். 100-ஐ நாற்பதில் ஓட்டுவது என்ன தண்டனை என்று ஓட்டினவருக்குத்தான் தெரியும். நண்பரைக் கத்தரிக்காய் மூட்டையோடு போன டி.வி.எஸ். எக்ஸ்.எல். ஓவர்டேக் பண்ணியது. டியூஷன் போகிற பெண் ஸ்கூட்டியில் முந்திவிட்டு, ஏதாவது உதவி வேண்டுமா என்கிற மாதிரி திரும்பிப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். இருநூறு கிலோமீட்டரில் பாய் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். வெள்ளையாக இருந்தால் பழைய சூடு. ஈரக் கறுப்பாக இருந்தால் பெட்ரோல் ஜாஸ்தி. டிகாஷன் சரியாக இறங்கின காபி நிறத்தில் இருந்தது. ஐடிலிங் இரண்டு நிமிஷம் ஒரே ஸ்ருதியில் நின்றது.

நேற்றைக்கு மீட்டரில் 430. இன்னும் எழுபது பாக்கி. நண்பர் வேளச்சேரியிலிருந்து தாம்பரத்துக்குக் கறிவேப்பிலை வாங்கப் போயிருக்கிறார்.